உயர் வோல்ற்றளவையும் மின்புலத்தையும் அளக்கும் கருவிகள்



மாலை வகுப்பு முடிந்து சண்டிலிப்பாய் ஒழுங்கையால் வீடு திரும்பும்போது மின்கம்பங்களைச் சற்று அண்ணாந்து பாருங்கள். கீழே செல்லும் கம்பிகள் வீடுகளுக்கு 230 வோல்ற்றை வழங்குவன. சில கம்பங்களின் உச்சியில், பெரிய பீங்கான் காவலிகளின் மேல் மூன்று கம்பிகள் செல்லும். அவை 11 அல்லது 33 கிலோவோல்ற்றுக் கம்பிகள். இவ்விரண்டிற்கும் இடையே இருப்பதே நாம் ‘ரான்ஸ்போமர்’ என்று அழைக்கும் நிலைமாற்றி.

ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “சேர், மேல் கம்பியில ரெஸ்ரரை வைச்சா எத்தினை வோல்ற்று எண்டு காட்டுமோ?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வியன்று. நான் கலைப் பட்டதாரி. விடையைச் சொல்ல நானும் புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அன்று படித்தவற்றையே இப்பாடத்தில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். கருவிகளின் பெயர்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. ஓமின் விதி, நிலைமாற்றி, நிலைமின் தூண்டல் ஆகிய நீங்கள் அறிந்த விடயங்களே இக்கருவிகளுக்குள் தொழிற்படுகின்றன என்பதைக் கண்டுகொண்டால் போதும்.

1. ரெஸ்ரர் எதைக் காட்டுகிறது?

ரெஸ்ரரின் உள்ளே ஒரு நியோன் குமிழும் ஏறத்தாழ 1 மெகாஓம் (10,00,000 ஓம்) தடையியும் தொடராக உள்ளன. நுனியை உயிர்க்கம்பியில் வைத்து, மறுமுனையை விரலால் தொடும்போது, மின்னோட்டம் தடையி, குமிழ், உங்கள் உடல் ஆகியவற்றினூடாகப் புவிக்குச் செல்கிறது. அந்த ஓட்டம் எவ்வளவு?

ஓட்டம் = அழுத்த வித்தியாசம் ÷ தடை
= 230 ÷ 10,00,000 அம்பியர்
= 0.23 மில்லிஅம்பியர்

(குமிழின் குறுக்கேயுள்ள அழுத்த வீழ்ச்சி புறக்கணிக்கப்பட்டுள்ளது. உண்மையான ஓட்டம் இதிலும் குறைவு.) இவ்வளவு சிறிய ஓட்டத்தை உடல் உணராது.

இப்பொழுது மாணவனின் கேள்விக்கு வருவோம். 33 கிலோவோல்ற்று என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையிலான பெறுமானம். ஒரு கம்பிக்கும் புவிக்கும் இடையில் ஏறத்தாழ 19 கிலோவோல்ற்று உண்டு. அதே கணிப்பைச் செய்தால்:

ஓட்டம் = 19,000 ÷ 10,00,000 அம்பியர் = 19 மில்லிஅம்பியர்

இந்த அளவு ஓட்டத்தில் கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விடமுடியாத நிலை ஏற்படலாம். உண்மையில் நிகழ்வது இதைவிடக் கொடியது. ஒரு சிறிய தடையியின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு சென்ரிமீற்றர் அளவினது. 19 கிலோவோல்ற்றுக்கு அத்தூரம் போதாது. மின்பொறி தடையியைத் தாண்டிப் பாயும். அதன்பின் சுற்றில் மிஞ்சுவது உடலின் தடை மாத்திரமே. ஆகவே விடை: ரெஸ்ரர் எதையும் காட்டாது, காட்டினாலும் பார்ப்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

ரெஸ்ரர் அழுத்தம் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்பதையே தெரிவிக்கும். எவ்வளவு என்பதை அது அளப்பதில்லை என்பதையும் கவனிக்குக.

அப்படியாயின் உயர் வோல்ற்றளவை எவ்வாறு அளப்பது? இரண்டு வழிகள் உண்டு.

(அ) முழு வோல்ற்றளவையும் கருவிக்குக் கொடாது, அதன் தெரிந்த ஒரு சிறு பங்கை மாத்திரம் கொடுத்தல்.
(ஆ) உயர் வோல்ற்றளவு உண்டாக்கும் ஒரு விளைவை, அதாவது விசை, மின்பொறி, தூண்டப்பட்ட ஏற்றம் என்பவற்றுள் ஒன்றை அளத்தல்.

இப்பாடத்தின் மிகுதி முழுவதும் இவ்விரு வழிகளின் விரிவேயாகும்.

2. பெருந்தடையைத் தொடராக இணைத்தல்

ஆய்வுகூடக் கல்வனோமானி ஒன்றை வோல்ற்றுமானியாக மாற்ற அதனுடன் தொடராகப் பெரிய தடையொன்றை இணைக்கிறோம். உயர் வோல்ற்றளவிற்கும் அதே முறைதான். தடை மிகமிகப் பெரியதாகிறது.

உதாரணம் 1: 50 மைக்கிரோஅம்பியரில் முழு அளவிடைத் திறம்பலைக் காட்டும் மானி ஒன்றினால் 10 கிலோவோல்ற்று வரை அளக்கத் தேவையான தொடர்த்தடை யாது?

தடை = 10,000 ÷ 0.00005 = 20,00,00,000 ஓம் = 200 மெகாஓம்

மானியின் சுருளின் தடை சில ஆயிரம் ஓம் மாத்திரமே. 200 மெகாஓமுடன் ஒப்பிடும்போது அதனைப் புறக்கணிக்கலாம்.

உணர்திறன் கூடிய மானி ஏன் வேண்டும்? தடையில் வெப்பமாக மாறும் வலுவைப் பாருங்கள்.

வலு = 10,000 × 0.00005 = 0.5 உவாற்று

இதற்குப் பதிலாக 10 மில்லிஅம்பியர் மானியைப் பயன்படுத்தினால் வலு 100 உவாற்று ஆகும். தடை சூடாகி அதன் பெறுமானம் மாறும், வாசிப்புப் பிழைக்கும். அத்துடன் அளக்கப்படும் முதலிலிருந்து கூடிய ஓட்டம் எடுக்கப்படுவதால் அதன் வோல்ற்றளவே குறைந்துவிடக் கூடும். அளக்கும் கருவி அளக்கப்படுவதை மாற்றக்கூடாது. இது எல்லா அளவீட்டுக் கருவிகளுக்கும் பொதுவான விதி.

ஒரே தடையி 200 மெகாஓமாக இருப்பதிலும், பல தடையிகளைத் தொடராக நீண்ட குழாயினுள் அடுக்குவதே வழக்கம். அப்போது ஒவ்வொரு தடையிக்கும் குறுக்கே சிறு பங்கு வோல்ற்றளவே இருக்கும். மின்பொறி தாண்டிப் பாய வழியிராது.

3. அழுத்தப் பிரிப்பு

முன்னர் நம் வீடுகளில் இருந்த பெரிய வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதன் படக்குழாய்க்கு ஏறத்தாழ 25 கிலோவோல்ற்று வழங்கப்பட்டது. அதனைத் திருத்துபவர்கள் ஒரு நீண்ட பிளாத்திக்குக் கைபிடியுள்ள சலாகையைப் பல்மானியுடன் இணைத்து அளப்பர்.

உதாரணம் 2: சலாகையினுள் 990 மெகாஓம் தடை உள்ளது. பல்மானியின் சொந்தத் தடை 10 மெகாஓம். 25 கிலோவோல்ற்றை அளக்கும்போது பல்மானி எவ்வளவு காட்டும்?

மொத்தத் தடை = 990 + 10 = 1000 மெகாஓம்
ஓட்டம் = 25,000 ÷ 1,00,00,00,000 அம்பியர் = 25 மைக்கிரோஅம்பியர்
பல்மானியின் குறுக்கே அழுத்தம் = 0.000025 × 1,00,00,000 = 250 வோல்ற்று

அதாவது வாசிப்பை 100 ஆற் பெருக்கினால் உண்மைப் பெறுமானம் கிடைக்கும்.

மிக முக்கியம்: இச்சுற்றின் கீழ்முனை புவித்தொடுப்புடன் இணைந்திருக்க வேண்டும். அந்த வயர் கழன்றால் ஓட்டம் செல்ல வழியில்லை. ஓட்டம் இல்லையெனில் 990 மெகாஓமின் குறுக்கே அழுத்த வீழ்ச்சியும் இல்லை. அப்போது 25 கிலோவோல்ற்று முழுவதும் பல்மானிக்கும் அதைப் பிடித்திருக்கும் கைக்கும் வந்து நிற்கும். ஆகவே புவித்தொடுப்பை முதலில் இணைக்க வேண்டும். இறுதியில் கழற்ற வேண்டும்.

படக்குழாய் ஒரு கொள்ளளவி போன்று ஏற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஆளியை அணைத்து, செருகியைக் கழற்றிய பின்னரும் அதிர்ச்சி தரும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியை ‘உள்ளே என்ன இருக்கு’ என்று பார்க்கத் திறக்க வேண்டாம்.

4. சுன்னாகத்தில் 132 கிலோவோல்ற்று

போர்க்காலத்தில் நீண்டகாலம் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. 2013 ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரையிலான 132 கிலோவோல்ற்று மின்செலுத்தல் வழியினூடாக மீண்டும் இணைக்கப்பட்டது. சுன்னாகம் உபமின்நிலையத்தில் அது 33 கிலோவோல்ற்றாகக் குறைக்கப்படுகிறது.

இத்தகைய உபமின்நிலையங்களில் வோல்ற்றளவை இரவுபகலாக அளந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலுள்ள மானிக்கு 132 கிலோவோல்ற்றை நேரடியாகக் கொண்டுவர முடியாது. எனவே வோல்ற்றளவு நிலைமாற்றி என்னும் அளவீட்டு நிலைமாற்றி பயன்படுகிறது. இதன் பணி வலுவை வழங்குவதன்று. தெரிந்த விகிதத்தில் வோல்ற்றளவைக் குறைத்துக் காட்டுவதே. துணைச் சுருளில் 110 வோல்ற்றுப் பெறுவது பரவலான வழக்கம்.

உதாரணம் 3: 132 கிலோவோல்ற்றை 110 வோல்ற்றாக மாற்றும் அளவீட்டு நிலைமாற்றியின் துணைச் சுருளில் 108 வோல்ற்று வாசிக்கப்பட்டது. மின்வழியின் வோல்ற்றளவு யாது?

விகிதம் = 1,32,000 ÷ 110 = 1200
வோல்ற்றளவு = 108 × 1200 = 1,29,600 வோல்ற்று = 129.6 கிலோவோல்ற்று

வோல்ற்றளவு உயர உயர, முதன்மைச் சுருளில் மிகப் பல சுற்றுக்களும் தடித்த காவலிடலும் தேவைப்படும், செலவு கூடும். ஆகையால் முதலில் கொள்ளளவிகளைத் தொடராக அடுக்கி வோல்ற்றளவைப் பிரித்து, அதன் கீழ்ப்பங்கை மாத்திரம் சிறிய நிலைமாற்றிக்குக் கொடுப்பர். தொடரான கொள்ளளவிகளில் கொள்ளளவம் குறைந்ததற்கே கூடிய வோல்ற்றளவு கிடைக்கும் என்பது இங்கு பயன்படுகிறது. நிலைமாற்றி ஆடலோட்டத்திற்கு மாத்திரமே தொழிற்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே இம்முறையால் நேரோட்ட வோல்ற்றளவை அளக்க முடியாது.

5. விசையால் அளத்தல்: நிலைமின் வோல்ற்றுமானி

இனி இரண்டாவது வழி. இரண்டு சமாந்தர உலோகத் தட்டுகளுக்கிடையே அழுத்த வித்தியாசம் இருந்தால், அவை ஒன்றையொன்று கவரும். ஒரு தட்டை நிலையாக வைத்து, மற்றதை வில்லொன்றிற் தொங்கவிட்டால், வில்லின் நீட்சியிலிருந்து விசையையும், விசையிலிருந்து வோல்ற்றளவையும் அறியலாம். 19 ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு இத்தத்துவத்தில் திருத்தமான கருவிகளை அமைத்தார். கெல்வின் வெப்பநிலை அளவிடை இவர் பெயராலேயே வழங்குகிறது.

விசை வோல்ற்றளவின் வர்க்கத்திற்கு நேர்விகிதசமன். வோல்ற்றளவு 2 மடங்கானால் விசை 4 மடங்காகும். இதனால் அளவிடையின் தொடக்கத்தில் கோடுகள் நெருக்கமாகவும் பின்னர் அகன்றும் இருக்கும். வர்க்கம் எப்போதும் நேர்ப்பெறுமானம் ஆதலால், ஆடலோட்டத்தில் திசை மாறினாலும் தட்டுகள் கவர்ந்தபடியே இருக்கும். ஆகவே இரண்டு வகை மின்னுக்கும் இது பொருந்தும். நேரோட்டத்தில் இது மின்னோட்டத்தை எடுப்பதில்லை என்றே கூறலாம். அளக்கப்படுவதை மாற்றாத கருவிக்கு இது நல்ல உதாரணம்.

6. மின்பொறியால் அளத்தல்: கோள இடைவெளி

சாதாரண நிலையில் வளி ஒரு காவலி. ஆனால் மின்புலம் ஏறத்தாழ மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ற்று, அதாவது சென்ரிமீற்றருக்கு 30 கிலோவோல்ற்று ஆகும்போது வளி அயனாகிக் கடத்தியாகிறது. மின்பொறி பாய்கிறது.

துலக்கப்பட்ட இரண்டு சம பருமனுள்ள உலோகக் கோளங்களைத் தெரிந்த இடைவெளியில் வைத்து, ஒன்றைப் புவியுடன் தொடுத்து, மற்றதற்கு வோல்ற்றளவைப் படிப்படியாகக் கூட்டுவர். பொறி பாயும் கணத்தில் இருந்த வோல்ற்றளவு, கோளத்தின் விட்டத்திற்கும் இடைவெளிக்கும் உரிய அட்டவணையிலிருந்து பெறப்படும். 1 சென்ரிமீற்றர் இடைவெளிக்கு இது ஏறத்தாழ 30 கிலோவோல்ற்று. வளியின் வெப்பநிலையும் அமுக்கமும் மாறினால் திருத்தம் செய்ய வேண்டும். ஆடலோட்டத்தில் பொறியை உண்டாக்குவது உச்சப் பெறுமானம். எனவே இம்முறை உச்சப் பெறுமானத்தையே தரும்.

ஏன் கோளம்? கூரான முனையில் மின்புலம் செறிவடையும். அதனால் குறைந்த வோல்ற்றளவிலும் வளி முறியும். அளவீடு நிலையாக இராது. இடிதாங்கியைக் கூராகச் செய்வதும் கோள இடைவெளியை உருண்டையாகச் செய்வதும் ஒரே தத்துவத்தின் இரு பக்கங்கள்.

இதிலிருந்து வாழ்க்கைக்குரிய பாடம் ஒன்று உண்டு. உயர் வோல்ற்றுக் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பது தவறு. கொக்கத்தடியின் இரும்புக் கொளுக்கி கூரானது. அது கம்பியைத் தொடுமுன்னரே பொறி பாயலாம். பச்சைத் தடியும் நனைந்த தடியும் காவலிகளல்ல. மின்கம்பிக்கு அருகில் நிற்கும் முருங்கையிலும் மாவிலும் கொக்கத்தடி போடாதீர்கள். கிணற்றடியில் நீண்ட குழாயை நிமிர்த்தும்போதும் முதலில் மேலே பாருங்கள்.

7. மின்புலத்தை அளத்தல்

தட்டுகளுக்கிடையிலான சீரான மின்புலம் = அழுத்த வித்தியாசம் ÷ தூரம். அலகு மீற்றருக்கு வோல்ற்று. 2 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள தட்டுகளுக்கு 1000 வோல்ற்றுக் கொடுத்தால் மின்புலம் 1000 ÷ 0.02 = மீற்றருக்கு 50,000 வோல்ற்று.

மின்புலம் இயற்கையிலும் உண்டு. தெளிந்த வானிலையில் வெட்டவெளியில் தரைக்கு அருகே மீற்றருக்கு ஏறத்தாழ 100 வோல்ற்று இருக்கும். இடிமுகிலின் கீழே அது பல ஆயிரமாக உயரும்.

பொன்னிலை மின்காட்டி: ஏற்றிய பொருளொன்றை இதன் தட்டிற்கு அருகே கொண்டுவந்தாலே, தொடாமலே, தூண்டலால் இலைகள் விரியும். ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. நிலையான புலம் ஒருமுறை மாத்திரமே ஏற்றத்தைத் தூண்டும். அந்த ஏற்றம் ஈரப்பதனால் மெல்லக் கசிந்துவிடும். நீண்டநேரம் அளக்க இது உதவாது.

சுழலும் மின்புலமானி: இக்குறையை நீக்குவது இக்கருவி. நிலையான உலோகத் தட்டொன்றின் மேல், புவியுடன் தொடுத்த, விசிறிபோன்ற இதழ்களுள்ள தகடு சுழலும். இதழ் விலகும்போது தட்டு புலத்திற்கு வெளிப்பட்டு அதில் ஏற்றம் தூண்டப்படும். இதழ் மூடும்போது அந்த ஏற்றம் வெளியேறும். இவ்வாறு திரும்பத் திரும்ப நிகழ்வதால் தட்டிலிருந்து ஓர் ஆடலோட்டம் கிடைக்கும். புலம் வலிமையானால் ஓட்டமும் கூடும். நிலையான புலத்தையும் மணிக்கணக்காக அளக்க இதனால் முடிகிறது.

1969 நவம்பர் 14 ஆம் திகதி அப்பலோ 12 விண்கலம் ஏவப்பட்டுச் சில செக்கன்களில் மின்னலாற் தாக்கப்பட்டது. விண்வெளி வீரர் மூவரும் உயிர் தப்பினர். இன்று அமெரிக்காவின் கென்னடி விண்வெளி நிலையத்தைச் சூழ இத்தகைய மின்புலமானிகள் நிறுவப்பட்டுள்ளன. புலம் வரம்பை மீறினால் ஏவுதல் நிறுத்தி வைக்கப்படும்.

8. செயற்பாடு: சாம் போத்தல் மின்காட்டி

தேவையானவை: உலர்ந்த சாம் போத்தல், றெஜிபோம் துண்டு, தடித்த செப்புக் கம்பி, மெல்லிய அலுமினியத் தாள், பிளாத்திக்கு அடிமட்டம்.

செய்முறை: றெஜிபோமைப் போத்தல் வாய்க்கு அளவாக வெட்டி, நடுவே கம்பியைச் செருகுக. கம்பியின் கீழ்முனையைக் கொளுக்கியாக வளைத்து இரு ஒடுங்கிய அலுமினியக் கீலங்களைத் தொங்கவிடுக. மேல்முனையில் அலுமினியத் தாளை உருண்டையாக்கிப் பொருத்துக. அடிமட்டத்தை உலர்ந்த தலைமயிரில் உரோஞ்சி உருண்டைக்கு அருகே கொண்டுவருக.

அவதானிப்பு: கீலங்கள் விரியும். அடிமட்டத்தை அகற்றினால் ஒடுங்கும்.
முடிவு: தொடாமலே ஏற்றத்தை அறியலாம்.

மாரிகாலத்தில் இது சரிவராது போகலாம். உலர்ந்த வெயில் நாளொன்றைத் தெரிவுசெய்க. இம்மின்காட்டியை மின் இணைப்புடனோ, மழைமுகிலுள்ள நேரத்தில் வெளியிலோ ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. ஏன் என்பதை அடுத்த பகுதி கூறும்.

9. அளக்கச் சென்று உயிரிழந்தவர்

1753 ஆம் ஆண்டில் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் கெயோர்க் ரிச்மன் என்னும் பேராசிரியர் இடிமுகிலின் மின்னை அளக்க முயன்றார். வீட்டுக் கூரையில் ஓர் உலோகக் கோலை நட்டு, அதிலிருந்து கம்பியொன்றை அறைக்குள் கொண்டுவந்தார். கம்பியின் முனையிலிருந்த உலோகச் சட்டத்துடன் ஒரு நூல் தொங்கியது. ஏற்றம் கூட நூல் விலகும். அந்தக் கோணத்தை அளவிடையில் வாசிக்கலாம். நீங்கள் செய்யும் சாம் போத்தல் மின்காட்டியின் தத்துவமும் இதுவே.

இடிமுழக்கம் கேட்டதும் வீட்டிற்கு விரைந்த அவர், வாசிப்பை எடுக்கக் கருவிக்கு அருகே குனிந்தார். மின்னல் அவர் தலையிற் பாய்ந்தது. அவ்விடத்திலேயே இறந்தார்.

அவர் அறிவிலியல்லர், துணிவும் ஆர்வமும் மிக்க விஞ்ஞானி. கருவியில் இருந்த குறைகள் இரண்டு. அக்கம்பி புவியுடன் தொடுக்கப்படவில்லை. வானத்தின் முழு வோல்ற்றளவும் அறைக்குள்ளே வந்தது. 2 ஆம், 3 ஆம், 4 ஆம் பகுதிகளில் நீங்கள் கற்ற கருவிகள் யாவும் இக்குறைகளை நீக்குவதற்கே அமைக்கப்பட்டவை.

நம் நாட்டில் மார்ச்சு–ஏப்பிரல், ஒக்ரோபர்–நவம்பர் மாதங்களில் இடிமின்னல் அதிகம். இடிமுழக்கம் கேட்டால் வயலிலோ மைதானத்திலோ தனிமரத்தின் கீழோ நில்லாது வீட்டினுள்ளே செல்க.

நினைவிற் கொள்க

• உயர் வோல்ற்றளவின் தெரிந்த பங்கை அளக்க: பெருந்தடை, அழுத்தப் பிரிப்பு, அளவீட்டு நிலைமாற்றி.
• விளைவை அளக்க: நிலைமின் வோல்ற்றுமானி (விசை), கோள இடைவெளி (பொறி), மின்காட்டி, மின்புலமானி (தூண்டிய ஏற்றம்).
• புவித்தொடுப்பு முதலில் இணைக்கப்படும், இறுதியில் கழற்றப்படும்.
• ரெஸ்ரரும் வீட்டுப் பல்மானியும் வீட்டு மின்னுக்கு மாத்திரமே.

பயிற்சி வினாக்கள்

1. 100 மைக்கிரோஅம்பியரில் முழுத் திறம்பல் காட்டும் மானியால் 5 கிலோவோல்ற்று வரை அளக்கத் தேவையான தொடர்த்தடை,
(1) 5 மெகாஓம் (2) 20 மெகாஓம் (3) 50 மெகாஓம் (4) 500 மெகாஓம்

2. நிலைமின் வோல்ற்றுமானிக்கு வழங்கும் வோல்ற்றளவு 3 மடங்கானால் தட்டுகளுக்கிடையிலான விசை,
(1) மாறாது (2) 3 மடங்காகும் (3) 6 மடங்காகும் (4) 9 மடங்காகும்

3. 5 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள தட்டுகளுக்கிடையே மின்புலம் மீற்றருக்கு 40,000 வோல்ற்று. அழுத்த வித்தியாசத்தைக் காண்க.

4. உதாரணம் 2 இலுள்ள பல்மானி 180 வோல்ற்றைக் காட்டுகிறது.
(i) அளக்கப்பட்ட உயர் வோல்ற்றளவு யாது?
(ii) சுற்றில் பாயும் ஓட்டம் யாது?
(iii) புவித்தொடுப்பு வயர் கழன்றால் நிகழ்வதை விளக்குக.

5. சுழலும் மின்புலமானியின் இதழ்கள் சுழலாது நின்றுவிட்டால் நிலையான புலத்தை ஏன் தொடர்ந்து அளக்க முடியாது?

6. அயல்வீட்டு அம்மா ஒருவர் 33 கிலோவோல்ற்றுக் கம்பிக்கு அருகே கொக்கத்தடியால் முருங்கைக்காய் பறிக்க முற்படுகிறார். “கம்பியில முட்டாமல் பறிக்கிறன், தம்பி” என்கிறார். அவருக்கு நீர் கூறும் விளக்கத்தை 3 வாக்கியங்களில் எழுதுக.

விடைகள்

1. (3). 2. (4). 3. 40,000 × 0.05 = 2000 வோல்ற்று. 4. (i) 18 கிலோவோல்ற்று (ii) 18 மைக்கிரோஅம்பியர் (iii) பகுதி 3 ஐப் பார்க்க. 5. தூண்டிய ஏற்றம் மாறாததால் தொடர்ந்து ஓட்டம் கிடைக்காது. இருக்கும் ஏற்றமும் கசிந்துவிடும்.

6 ஆம் வினாவிற்கு விடை தரப்படவில்லை. நீங்கள் எழுதியதை வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். விஞ்ஞானம் படிக்காத ஒருவருக்கும் அது விளங்குமாயின், அதுவே சரியான விடை.